ரெண்டு பேச்சி

உக்காரு தாயி, உக்காரு. பையை மடியில வச்சுக்கோ, இடம் பத்தும். சன்னல் சீட்டை மட்டும் கேட்டுறாத, தரமாட்டேன். ஆப்பரேசன் பண்ணுன உடம்பு, காத்து வேணும். எங்க, தூத்துக்குடிக்கா? நானும் அங்கதான் போறேன்.

கம்ப்யூட்டர் வேலையா? பையைப் பாத்ததுமே நெனச்சேன். முகத்தைக் காட்டினா ஆளு யாருன்னு கண்டுபிடிக்குதே, அந்த வேலையா? இல்லையா? சரி, போகட்டும். அந்த வேலை பாக்குறவங்க யாராவது உனக்குத் தெரிஞ்சிருப்பாங்க. அவங்ககிட்டச் சொல்லு. கோவில்பட்டியில மாடப்பேச்சின்னு ஒருத்தி, அவளுக்குக் கர்ப்பப்பை இருந்துச்சுன்னு சொல்லு. இருந்துச்சு. அது போதும்.

ஏன் திரும்பித் திரும்பிப் பாக்குற? பின்னாடி ஆம்பளைக இருக்காங்கன்னா? இருக்கட்டும். அவங்களும் அதுக்குள்ள இருந்து வந்தவங்கதான்.

நான் இட்லிக்கடை வச்சிருக்கேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, மெக்கானிக் கடையெல்லாம் இருக்குல்ல, அந்தத் தெருவுல. புருசன் போய்ச் சேந்துட்டாரு. மக கல்யாணம் ஆகி திருப்பூர்ல இருக்கா. போன சித்திரையில இருந்து எனக்குத் தீட்டு நிக்கலை. நின்னா மாதிரி இருக்கும், மறுபடி ஆரம்பிச்சிரும். மாவுக்கரண்டியைத் தூக்குனா கண்ணு இருட்டும். சாப்பிட வந்தவங்க, "என்னக்கா, சட்னியை விட நீ வெளுத்திருக்கே"ன்னு சொன்ன பிறகுதான் திருநெல்வேலிக்குப் போனேன், ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு. அங்க கவர்மெண்டு நலக்காப்பு அட்டையைக் காட்டினா காசு கேக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க.

டாக்டரம்மா நல்ல மாதிரி. ஸ்கேன் பண்ணிட்டு, "பேச்சியம்மா, கட்டி பெருசா இருக்கு. கர்ப்பப்பையோட எடுத்துறணும். தள்ளிப் போடக்கூடாது. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புனாத்தான் நல்ல கட்டியா கெட்ட கட்டியான்னு தெரியும்"ன்னாங்க. சரின்னேன். கீழ போயி நலக்காப்பு மேசையில அனுமதி வாங்கிட்டு வரச் சொன்னாங்க.

அந்த மேசையில ஆல்வின்னு ஒரு தம்பி. கண்ணாடி போட்டிருப்பான். அட்டையை வாங்கித் தட்டுனான். கம்ப்யூட்டரைப் பாத்தான், என்னைப் பாத்தான், மறுபடி கம்ப்யூட்டரைப் பாத்தான்.

"அம்மா, உங்களுக்குக் கர்ப்பப்பையை ஏற்கனவே எடுத்தாச்சே."

"யாரு எடுத்தா?"

"இதே திட்டத்துலதான். மூணு வருசம் முன்னாடி. மதுரையில."

"தம்பி, நான் மதுரைக்குப் போனதே மீனாட்சியைப் பாக்க. வேற எதையும் அங்க விட்டுட்டு வரலை."

சிரிக்குறான். நான் சிரிக்கலை. ஸ்கேன் படத்தை எடுத்து மேசையில போட்டேன். "எனக்கு இல்லைன்னா, இது யாரு வயித்துல இருக்கு?"

அவன் அதைத் திருப்பிக்கூடப் பாக்கலை. "நீங்க சொல்றது சரிம்மா. ஆனா இல்லாத உறுப்பை எடுக்க சிஸ்டம் அனுமதி தராது"ங்கான். டாக்டரம்மாவே கீழ இறங்கி வந்து சத்தம் போட்டாங்க. "நான் கண்ணால பாத்தேன் ஆல்வின்." அவன் பாவம், "எனக்குத் தெரியுது மேடம், அதுக்குத் தெரியணும்ல"ங்கான்.

அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. மூணு வருசம் முன்னாடி, மதுரை, கர்ப்பப்பை. அது முத்துப்பேச்சி.

முத்துப்பேச்சி எங்கூடப் பொறந்தவ. இரட்டை. அவ கொஞ்சம் முந்திப் பொறந்தா, அதை வச்சே அக்கான்னு அதிகாரம் பண்ணுவா. ஆனா தாயி, ஒண்ணு சொல்லிடுறேன். பாக்குறவங்கதான் ஒரே மாதிரின்னு சொல்லுவாங்க. ஒரு ஒத்துமையும் கிடையாது. அவ வேற, நான் வேற. அவ கோபக்காரி. ஒரு சொல் பொறுக்க மாட்டா. நான் அப்படியா? யாராவது அப்படிச் சொன்னா அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னு நறுக்குன்னு கேட்டுருவேன். அவளும் எட்டயபுரத்துல இட்லிக்கடைதான் வச்சிருக்கா. ஆனா அது வேற கடை. அவ தேங்காச் சட்னிக்குப் பொட்டுக்கடலை கூடப் போடுவா.

இந்த அட்டை எடுத்த கதையையும் கேளு. அம்மா வீட்டுக்குக் கோயில் கொடைக்குப் போயிருந்தப்ப அந்த ஊர்ல முகாம் போட்டாங்க. ரெண்டு பேரும் ஒண்ணாப் போய் எடுத்தோம். அப்ப நாங்க பேசிட்டுத்தான் இருந்தோம். அங்க எழுதுன பொண்ணு, "முதல் பேரு என்ன, கடைசிப் பேரு என்ன?"ன்னு கேட்டா. எங்களுக்கு ஏது முதலும் கடைசியும்? பேரு ஒண்ணுதானே. "கடைசிப் பேரு இல்லாம மேல போகாதும்மா"ன்னு அவளே ரெண்டாப் பிச்சுட்டா. முத்து தனி, பேச்சி தனி. மாட தனி, பேச்சி தனி. அட்டை வந்தப்ப ரெண்டுலயும் எம். பேச்சின்னு இருந்துச்சு. ஒரே அப்பா பேரு. பொறந்த தேதி ஒண்ணு. முகவரி அம்மா வீடு. போன் நம்பர் எங்க தம்பியோடது. கைரேகை வைக்கச் சொன்னா, ரெண்டு பேருக்கும் விழலை. இட்லித் தட்டுச் சூட்டுல விரலு தேஞ்சு வழவழன்னு ஆயிருச்சு. சரி, முகமே போதும்னு படம் புடிச்சிட்டா. முகம்தான் தெரியுமே.

பிறகு எப்பவோ புதுக் கம்ப்யூட்டர் மாத்தியிருக்காங்க. ஒரே ஆளு ரெண்டு அட்டை வச்சு ஏமாத்துறதை அதுவே கண்டுபிடிக்குமாம். கண்டுபிடிச்சு எங்களை ஒருத்தியா ஆக்கிப்புட்டு. அவ உடம்புல எடுத்ததெல்லாம் என் உடம்புலயும் எடுத்ததா ஆகிப்போச்சு.

ஆல்வின்கிட்ட அக்கா கதையைச் சொன்னேன். நல்ல பையன்தான். எனக்கு உதவி பண்ணணும்னுதான் சொன்னான். கம்ப்யூட்டர்ல ஒரு இடத்தைக் காட்டினான். "புகாருக்கு இங்க நாலு காரணம் இருக்கும்மா. பேர்ப் பிழை, முகவரி மாற்றம், அட்டை தொலைஞ்சது, இறப்பு. நீங்க ரெண்டு பேருன்னு சொல்ல வழி இல்லை. ஆனா..." குரலைத் தாழ்த்திக்கிட்டான். "உங்க அக்கா இறந்துட்டதாப் போட்டா, அந்தக் கணக்கு மூடிரும். உங்களுக்குப் புதுசாத் தொறந்துறலாம். நாளைக்கே ஆப்பரேசன்."

"அவளுக்கு என்ன ஆகும்?"

"அவங்க பிறகு உயிரோட இருக்கேன்னு ஒரு மனு குடுத்துக்கலாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சிருச்சு. இதையும் சொல்லணும்ல, நாங்க பேசுறதில்லை. ஒன்பது வருசமாப் பேச்சுவார்த்தை கிடையாது. அவ எனக்குச் செத்தவதான்னு நானே ஊரெல்லாம் சொல்லியிருக்கேன். கடைக்கு வர்றவங்க, "எட்டயபுரத்துல உங்களை மாதிரியே ஒருத்தங்க"ன்னு ஆரம்பிச்சா, "அப்படி யாரும் இல்லை, இட்லியைத் தின்னு"ம்பேன். ஆனா நான் சொல்றது வேற. ஒரு பொட்டிக்குள்ள, பட்டனை அமுக்கி, அவ இல்லைன்னு நான் எப்படிச் சொல்ல? அவளுக்கு எடுத்தது கெட்ட கட்டி. ஊசி போட்டு, மருந்து சாப்பிட்டு, இன்னும் மதுரைக்குப் போய்ப் போய்ப் பாத்துட்டு வாரா. தம்பி சொல்லுவான். நான் கேக்குறதில்லை, அவனாச் சொல்லுவான். அந்த அட்டை மூடிருச்சுன்னா அவ போய் எங்க நிப்பா?

"தம்பி, அந்தப் பட்டன்ல இருந்து கையை எடு"ன்னேன். "பாசத்துல சொல்லலை. பொய்ச்சாவு எழுதினா அந்தப் பாவம் எனக்குல்ல வந்து சேரும்."

தர்மாஸ்பத்திரியில சும்மாவே செய்வாங்களேன்னு நீ கேக்கலாம். தம்பியும் கேட்டான், டாக்டரம்மாவும் சொன்னாங்க. போயிருக்கலாம்தான். ஆனா ஒருத்தன் எனக்கு இல்லைன்னு சொன்ன பிறகு நான் ஏன் வேற வாசலைத் தேடிப் போகணும்? இருக்குன்னு அவன் வாயால சொல்லணும். சொல்ல வச்சுட்டுத்தான் குடுப்பேன்.

தூத்துக்குடியில நலக்காப்பு ஆபீஸ்ல கேட்டதுக்கு, ரெண்டு பேரும் நேர்ல ஒண்ணா வரணும்னுட்டாங்க. வேற வழி? எட்டயபுரத்துக்குப் பஸ் ஏறுனேன்.

கடையில காலை நேரக் கூட்டம். நான் வாசல்ல போய் நின்னதும் ஒரு டிரைவர் எங்கிட்டத் தட்டை நீட்டி, "அக்கா, இன்னும் ரெண்டு வைங்க"ங்கான். உள்ள இருந்து முத்துப்பேச்சி எட்டிப் பாத்தா. கையில கரண்டி. எல்லாரும் அவளைப் பாக்குறாங்க, என்னைப் பாக்குறாங்க. நான் வழியெல்லாம் என்ன சொல்லணும்னு ஒத்திகை பாத்துட்டு வந்திருந்தேன். "ஆபீஸ் காரியமா வந்திருக்கேன், உறவு கொண்டாட வரலை"ன்னு சொல்லணும்னு.

அவ கரண்டியை வச்சுட்டு நேரா வந்தா. முகத்தைத்தான் பாத்தா. "ஏளா, எத்தனை நாளா ரத்தம் போகுது?"ன்னா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணாடியில பாத்திருக்கேன். இதே வெளுப்பு."

எனக்கு ஒத்திகை பாத்ததெல்லாம் மறந்துபோச்சு. உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வச்சா. வெல்லம் போட்டு ஒரு டம்ளர் கேப்பைக்கூழ் குடுத்தா. குடிச்சேன். பசி, அதான் குடிச்சேன். விசயத்தைச் சொன்னதும் அடுப்பை அமத்திட்டு, சாப்பிட வந்தவங்களைக் கையைக் கழுவச் சொல்லிட்டா. "வா, போவோம். எவன் அவன், நம்மளை ஒருத்திங்கது?"

சண்டை எதுக்குன்னு கேக்குறியா? சொல்றேன். எங்க சித்தி மக கல்யாணம். மண்டபத்துல எங்க வீட்டுக்காரரு மல்லிகைப்பூ வாங்கிட்டு வந்து, பின்னாடி இருந்து நான்னு நெனச்சு அவகிட்ட நீட்டிட்டாரு. அத்தனை பேரும் சிரிச்சாங்க. இவ என்ன செய்யணும்? "நான் முத்து"ன்னு சொல்லணும்ல? வாங்கித் தலையில வச்சுக்கிட்டா. எனக்கு எப்படி இருக்கும்? நாலு வார்த்தை கேட்டேன். என்ன கேட்டேன்னு இந்தப் பஸ்ல சொல்ல முடியாது. அன்னைக்கோட சரி. அவரு செத்தப்பக்கூட அவ வீட்டுக்குள்ள வரலை. தெருமுக்குல நின்னு அழுதுட்டுப் போயிட்டாளாம். எனக்குத் தெரியாது, நான் பாக்கலை. பச்சைச் சேலை கட்டியிருந்தா, அங்கங்க கிழிசல் தச்சிருந்துச்சு.

சரி, ஆபீஸுக்கு வாரேன். ஆபீசர் முதல்ல அவளைப் படம் புடிச்சாரு. 'பதிவு உள்ளது'ன்னு வந்துச்சு. பிறகு என்னைப் புடிச்சாரு. 'பதிவு உள்ளது.' அதே பதிவு. என்னைச் சுவத்துப் பக்கம் நிக்கச் சொன்னாரு, அவளைக் கதவுப் பக்கம் நிக்கச் சொன்னாரு. பொட்டை அழிக்கச் சொன்னாரு. "ஒரே ஆளுன்னுதாம்மா வருது."

முத்து கேட்டா, "சார், உங்களுக்குக் கண்ணு தெரியும்ல?"

"தெரியுதும்மா. ரெண்டு பேரு நிக்கிறீங்க. ஆனா எனக்குத் தெரியுதுன்னு எழுத இதுல இடம் இல்லை." மேலிடத்துக்கு எழுதிப் போடுறேன், போயிட்டு வாங்கன்னாரு.

"போக மாட்டோம்." ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொல்லிட்டோம். அவ என்னைப் பாத்து முறைச்சா, முந்திக்கிட்டேன்னு.

போய் அவரு மேசைக்கு முன்னாடி கிடந்த ஒத்தை நாற்காலியில பாதி பாதியா உக்காந்துக்கிட்டோம். முத்துதான் சொன்னா, "கம்ப்யூட்டருக்கு ஒருத்திதானே, நாற்காலி ஒண்ணு போதும் சார்." எனக்கோ மயக்கமா வருது, ரத்தம் வேற போகுது. எந்திரிக்கலையே! பின்னாடி வந்தவங்க எல்லாம், அந்த அம்மாக்களைக் கவனிங்க சார்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. அவரு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க முடியலை, நாங்க பாத்துட்டே இருக்கோம்.

உக்காந்திருந்தா சும்மா இருக்க முடியுமா? இவ மெதுவா, "ஏளா, அன்னைக்கு அந்த மனுசன் அத்தனை பேரு முன்னாடி நீட்டுன கையை மடக்க முடியாம நின்னாரு. நான் வாங்கலைன்னா அவருக்கு அசிங்கம்"ங்கா.

"அப்ப வாங்கி எங்கிட்டக் குடுத்திருக்கலாம்ல?"

"குடுக்கத்தான் வந்தேன். அதுக்குள்ள நீ வாயைத் தொறந்துட்டே."

பொய் தாயி. குடுக்க எங்க வந்தா? என்னைப் பாக்க ரெண்டு எட்டு எடுத்து வச்சா, கையைத் தலைப் பக்கம் கொண்டு போனா, அவ்வளவுதான். நான் விடுவேனா? அந்த ஆபீஸ்லயே ஆரம்பிச்சிட்டேன். அவளும் எந்திரிச்சிட்டா. மொட்டை மாடியில இருந்தவங்ககூட இறங்கி வந்துட்டாங்க. ஆபீசர் ஒரு காதைப் பொத்திக்கிட்டு, போன்ல சென்னைக்குக் கூப்பிட்டு, படம் தெரியுற மாதிரி எங்க பக்கம் திருப்பிட்டாரு. "சார், நீங்களே பாருங்க. ஒரே ஆளுங்குது உங்க சிஸ்டம். ஒரு ஆளு தங்கூடவே இப்படிச் சண்டை போட முடியுமா?"

போன்ல ஒரு சின்ன வயசுக்காரன், அந்த சிஸ்டத்தைச் செஞ்சவங்கள்ல ஒருத்தனாம். பாத்துட்டே இருந்தான். அப்புறம் கேட்டான் பாரு ஒரு கேள்வி. "உங்கள்ல யாரும்மா ஒரிஜினல்?"

"நான்"னோம், ரெண்டு பேரும்.

முத்து போனைப் புடுங்கிட்டா. "தம்பி, எங்க ஆத்தா நகலா பெத்தா?"

அவன் ஆடிப்போயிட்டான். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஒரே முகம், ஒரே தேதி, ஒரே அப்பா பேரு, ஒரே போனு. இவ்வளவும் ஒத்து வந்தா அது ஒரே ஆளாத்தான் இருக்கும்னு நெனச்சு வச்சிட்டோம்"ங்கான்.

நான் கேட்டேன், "ஏன்யா, உங்க ஊர்ல இரட்டைப் புள்ளை பொறக்காதா?"

"பொறக்கும்மா. எங்க ஆபீஸ்லயே ஒருத்தர்..." அதோட நிப்பாட்டிட்டான். அந்த ஒருத்தரை நெனச்சிருப்பான்போல.

நான் விடலை. "எங்களுக்குப் போன் கிடையாது, எங்க தம்பி போன்தான். எங்களுக்குக் கடைசிப் பேரு கிடையாது. கைரேகையை அடுப்பு தின்னுட்டு. இப்படி இருக்குறவங்களும் மனுசங்கதான்னு உன் பொட்டிக்குள்ள எழுது. உன்னை மாதிரி இருக்குறவங்களுக்கு மட்டும் செஞ்சு வச்சிட்டு, நாங்க வந்தா எங்களைத் திருடிங்கியே. நாங்க ஆஸ்பத்திரிக்கு வரும்போது பொட்டி தப்பாச் சொன்னா, நீ அங்க இருந்து பாக்கவா போறே?"

 அவனே உக்காந்து எங்க ரெண்டு பேரு கணக்கையும் கையால பிரிச்சு விட்டான். இந்த மருந்து யாருக்கு, அந்த ஊசி யாருக்குன்னு ஒவ்வொண்ணாக் கேட்டான். முத்து சொல்லச் சொல்ல அவ பக்கம் தள்ளுனான். கடைசியில எம் பேருக்கு நேரா ஒண்ணுமே இல்லை. சுத்தமா இருந்துச்சு. ஒரு காய்ச்சல் தலைவலிகூட இல்லை. அதைப் பாத்ததும் எனக்கு ஏனோ அழுகை வந்துருச்சு. மயக்கத்துல வந்த அழுகை அது.

அந்த வாரமே ஆப்பரேசன். ஆல்வின் வாயால, "அம்மா, உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கு, அனுமதி வந்துருச்சு"ன்னு சொல்ல வச்சேன். ரெண்டு தரம் சொல்ல வச்சேன். கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புனாங்க. நல்ல கட்டிதான். தள்ளிப் போட்டிருந்தா எப்படி ஆகியிருக்குமோன்னு டாக்டரம்மா திட்டுனாங்க.

முத்துதான் துணைக்கு இருந்தா. நான் பாத்ரூமுக்குப் போயிருந்தப்ப இவ என் கட்டில்ல சாஞ்சிருக்கா, நர்சு வந்து ஊசியைத் தூக்கிட்டா. "எனக்கு மதுரையிலயே எடுத்தாச்சு, போம்மா"ன்னிருக்கா. ஆஸ்பத்திரி பூரா அதே பேச்சு.

இப்பப் பேசிக்கிடுறோமான்னா? இல்லை, பேசுறதெல்லாம் கிடையாது. போன்ல தினமும் சண்டைதான் போடுறோம். சாயந்திரம் மாவு ஆட்டுறப்ப அவதான் கூப்பிடுவா. அவ கூப்பிடலைன்னா நான் கூப்பிட்டு, ஏன் கூப்பிடலைன்னு சண்டை போடுவேன்.

இன்னைக்கு எதுக்குத் தூத்துக்குடிக்குன்னு கேட்டேல்ல? முத்து கடைக்கு ரெண்டு கொத்தனாருங்க சாப்பிட வருவாங்க. கீழஈரால்காரங்க. இருளப்பன், இருளாண்டி. இவங்களும் இரட்டை, இவங்களையும் ஒருத்தனாக்கி வச்சிருக்கு. போன மாசம் இருளப்பன் மகனுக்கு மஞ்சக்காமாலை, அட்டை செல்லாதுன்னுட்டாங்க. அவசரத்துல, யாரோ சொன்னாங்கன்னு தம்பி பேருக்கு அந்த 'இறப்பு'ங்குற பட்டனை அமுக்க விட்டுட்டான். அது என்னன்னு அவனுக்குத் தெரியாது. மகன் பொழைச்சுட்டான். இப்ப இருளாண்டி சாரத்துல இருந்து விழுந்து கால் எலும்பு நொறுங்கிக் கிடக்கான். செத்தவனுக்குக் கட்டுப் போட முடியாதுங்குதாம் கம்ப்யூட்டர். அண்ணங்காரன் சாப்பிடவே மாட்டேங்கான், தம்பியைக் கொன்னுட்டேன், கொன்னுட்டேன்னு பொலம்புறானாம். தூக்கிட்டாவது வா, ஆபீஸுக்குப் போவோம்னு முத்து சொல்லியிருக்கா.

இதோ எட்டயபுரம் வந்துட்டு. அங்க பாரு, முத்து நிக்கா. பக்கத்துல ஒருத்தன் இன்னொருத்தனை முதுகுல சுமந்துட்டு நிக்கான்ல, அவங்கதான். கண்டக்டர் தம்பி, வண்டியைக் கொஞ்சம் நிப்பாட்டி வைங்க, கால் முடியாதவன் ஏறணும்! எந்திரி தாயி, அவன் காலை நீட்டிக்கிடட்டும். நீ வேணும்னா எங்ககூட அந்த ஆபீஸ் வரைக்கும் வா, உன் வேலையில நீயும் பாக்க வேண்டியது அது. நாங்க நாலு பேரு உள்ள போகப்போறோம். கம்ப்யூட்டர் மூணு பேருங்கும். நாலுன்னு சொல்ற வரைக்கும் ஒருத்தரும் வெளிய வர மாட்டோம்.